மீள மாட்டோம்

எங்கள் தெருவை இன்னொரு முறை மூழ்கடிப்பது என்று முடிவான அன்றைக்கு எங்களுக்கு ஒரு விருதும் கிடைத்தது. இரண்டும் ஒரே புதன்கிழமை காலையில், ஒரே மேசையிலிருந்து வந்தன.

மேசை நிவேதன் சாருடையது. நகர வெள்ள மேலாண்மை மையத்தில் அவர் துணை இயக்குநர். நான் அங்கே களச் சரிபார்ப்பாளர். வெள்ளம் வடிந்த இடத்துக்குப் போவேன், படம் எடுப்பேன், படிவம் நிரப்புவேன். அதையெல்லாம் நீர்மதி தின்னும்.

நீர்மதி மனுஷி இல்லை. சென்னையைச் சுற்றியிருக்கிற ஏரிகளின் மேல் சூரியத் தகடுகள் மிதக்கின்றன. அந்த மின்சாரத்தில் நாற்பத்தொரு மதகுகள் தாமாகத் திறந்து மூடுகின்றன. எதை எப்போது திறப்பது என்று முடிவு செய்கிற செயற்கை மூளைக்குத்தான் அந்தப் பெயர். டீசல் கிடையாது, புகை கிடையாது, மனிதக் கை கிடையாது என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே நான் அதை நம்பினேன். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது யாரோ ஒருவர் யாருக்கோ போன் செய்து ஒரு மதகைத் திறக்க வைத்தார். எங்கள் வீடு போனது. யார், யாருக்கு என்று இன்றுவரை தெரியாது. யாரும் போன் போட முடியாத ஒரு அதிகாரி வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனேன், கணினி படித்தேன், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தேன்.

"புனிதவதி, உங்க ஏரியாவுக்கு அவார்டு," என்றார் நிவேதன் சார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "சிட்டியிலயே அதிக மீள்திறன் உள்ள குடியிருப்பு. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. விழாவுக்கு உங்க அம்மாவை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. அந்த இட்லி போட்டோ எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு."

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். அக்டோபர் வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள். சுவரில் இடுப்பளவுக்கு ஈரக்கோடு. அதற்கு முன்னால் இட்லிக் கடை வைத்திருக்கிற என் அம்மா, பேபி, குண்டானைத் திறக்கிறாள், ஆவி எழுகிறது. கீழே நான் பெருமையோடு எழுதினேன்: இயல்பு நிலை திரும்பியது. 'மீண்டெழுந்த இடம் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று நீர்மதிக்குப் பாடம் நடத்த அந்தப் படத்தையே வைத்துக்கொண்டார்கள்.

அவருக்குப் பின்னால் பெரிய திரையில் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் இன்னொரு புயல் சின்னம். ஏரி நிரம்பினால் திறக்க வேண்டிய மதகு: பதினேழு.

"சார், பதினேழு எங்க கால்வாய்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா."

"நேத்துதான் அதைத் திறந்தீங்க. இன்னும் தண்ணி முழுசா வடியல. அக்டோபர்லயும் அதையேதான் திறந்தீங்க."

"நாங்க திறக்கல புனிதவதி. நீர்மதி திறந்துச்சு."

ஏன் திரும்பத் திரும்ப எங்களுக்கே என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"நாம அதுகிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஏதோ ஒரு இடம் மூழ்கித்தான் ஆகணும்னா, எந்த இடம் மூழ்கினா சிட்டி சீக்கிரமா பழைய நிலைமைக்கு வரும்? அதுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது. சாதி தெரியாது. நாள் மட்டும்தான் தெரியும். ஒரு அபார்ட்மெண்ட்டுக்குள்ள தண்ணி போனா லிஃப்ட், பேஸ்மெண்ட், கார்னு நாப்பது நாள் ஆகுது. நீங்க மூணு நாள்ல எழுந்துடறீங்க."

"சீக்கிரம் எழுந்துக்கறதால எங்களையே தள்ளி விடலாம்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படி சார் சொல்றது? லாரன்ஸ் அண்ணன் எழுந்துக்கலயே."

லாரன்ஸ் அண்ணன் எங்கள் எதிர்வீடு. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அக்டோபர் வெள்ளத்தில் மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எல்லோர் வீட்டுச் சாமானையும் தூக்கி மேலே வைத்தார். பிறகு எலிக்காய்ச்சல். எங்கள் மையத்தின் கணக்கில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் செத்தால்தான் அது வெள்ளச் சாவு. அண்ணன் பதினோரு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். தப்பு அவருடையது.

நிவேதன் சார் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, யார் சொன்னாலும் மதகு கேட்காது, அதற்காகத்தானே இதைக் கொண்டு வந்தோம் என்றார். எண் மாறினால் மதகு மாறும். ட்ரோன் பார்ப்பதையும் நாங்கள் எழுதுவதையும் வைத்து எண் தினமும் மாறும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திட்டம் பூட்டிக்கொள்ளும். பொய் மட்டும் எழுதாதீர்கள், ட்ரோன் படத்தோடு ஒத்துவராவிட்டால் நீர்மதி பிடித்துவிடும் என்றும் சொன்னார். அதை எனக்கு மிரட்டலாகச் சொன்னாரா, வழியாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பொய் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

*

எங்கள் சுண்ணாம்புக் கால்வாய்க் குடியிருப்பில் வெள்ளம் வடிகிற நேரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் போகும்போதே சேற்றையும் கூடவே அனுப்பிவிட வேண்டும். முழங்கால் அளவிலிருந்து கணுக்கால் அளவுக்கு இறங்குகிற அந்த இரண்டு மணி நேரத்தில் தள்ளினால் சேறு கால்வாய்க்குப் போகும். தவறவிட்டால் வீட்டுக்குள்ளேயே படிந்து சிமெண்ட் மாதிரி இறுகும். அதனால் கடைசி வீட்டிலிருந்து கால்வாய் வரைக்கும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி தள்ளியதை அடுத்தவள் தள்ளுவாள். யார் வீட்டுத் தரை முதலில் தெரிகிறதோ அங்கே எல்லோருக்குமாக அடுப்பு எரியும். மூன்றாம் நாள் கடை திறக்கும், பள்ளிக்கூடச் சீருடை கொடியில் காயும். அதிகாரி யாராவது வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், எங்களுக்கு என்ன குறைச்சல் என்போம். வெளி ஆளிடம் அழுவது எங்களுக்கு அசிங்கம்.

அடுப்புச் சூடு, கடைக் கதவு, கொடியில் சீருடை. ட்ரோன் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

நான் போனபோது வரிசை பாதித் தெருவுக்கு வந்திருந்தது. முன்னால் பிலோமினா அக்கா, லாரன்ஸ் அண்ணனின் மனைவி. மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். அவள் கையில் துடைப்பம் எப்போதும் மற்றவர்களுடையதைவிட வேகமாகப் போகும். அவளுக்குப் பக்கத்தில் அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

நிறுத்துங்கள் என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். விருதையும் சொன்னேன், மதகையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். சனிக்கிழமை காலை வரைக்கும் நாம் எழக்கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

துடைப்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சேறு காஞ்சா யாருடி சொரண்டறது? உன் கம்ப்யூட்டரா?" என்றாள் அம்மா.

"நான் சொரண்டறேன்மா."

"கிழிச்ச. இன்னாடி பேசற நீ? ஊரே வந்து பாக்கும், நம்ம வூட்ல சேறு கெடக்கும், நான் கை கட்டிக்கினு குந்திகினு இருக்கணுமா? உன்னைப் படிக்க வெச்சது எங்கள சோம்பேறின்னு காட்டறதுக்கா?"

"நீ சுறுசுறுப்பா இருக்கறதால்தாம்மா உன் தலையில தண்ணிய ஊத்தறாங்க."

"ஊத்தட்டும். நான் அள்ளிக் கொட்டிட்டு எய்ந்துப்பேன்."

"அதையேதான் அதுவும் சொல்லுது."

அம்மா குனிந்து மறுபடி தள்ள ஆரம்பித்தாள். அவளோடு சேர்ந்து நாலைந்து பேர் குனிந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அதற்குள் பிலோமினா அக்கா நிமிர்ந்துவிட்டாள்.

"ஏன் பேபிக்கா," என்றாள், சத்தம் போடாமல். "அவர் செத்ததுக்கு மறுநாள் நான் வூட்டக் கழுவுனேன். நெனவிருக்கா? துக்கத்துக்கு வர்றவங்க சேத்துல கால் வெக்கக் கூடாதுன்னு கழுவுனேன். அதையும் இது படம் புடிச்சிருக்கும். பொம்பள எய்ந்துட்டான்னு எழுதிக்கினு இருந்திருக்கும்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நான் எய்ந்துக்கல. இன்னும் எய்ந்துக்கல. யாராச்சும் வந்து கேட்டா அதையே சொல்றேன்."

வாசற்படியில் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டாள். வாழ்நாள் முழுக்க ஊர் கூட்டுகிற ஒருத்தி கூட்ட மாட்டேன் என்று உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொருத்தியாகத் துடைப்பத்தை வைத்தார்கள். கடைசியாக அம்மா வைத்தாள். வைத்துவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

*

மீளாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை சேறு நாற ஆரம்பித்தது. பன்னும் வாழைப்பழமும் தின்றோம். எங்கள் தெருக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் அறியாமலே வாசலைக் காலால் ஒதுக்குவார், பக்கத்து வீட்டிலிருந்து அதட்டல் வரும், ஏய், இன்னா எய்ந்துக்கிறியா என்று. அதுவே கேலியானது. யாராவது முகம் கழுவினாலும் அப்படித்தான் கேட்டார்கள். மத்தியானம் ட்ரோன் வந்தபோது அம்மா பழக்கத்தில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு உணர்ந்து கையை இறக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடையின் கருங்கல் மேடையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மேடையில் மட்டும், ஒரு முழம் அகலத்துக்கு. அவளுடைய கால்விரல் இடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன, சேற்றுப்புண். என்னைப் பார்த்ததும் அவளே நிறுத்திக்கொண்டு, "பதினெட்டு வருசமா இந்தக் கல்லு இப்பிடி இருந்ததில்ல," என்றாள். தெருமுனையில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். அவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினோம். இது என் யோசனை. அந்தக் காய்ச்சலும் என் கணக்குதான். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

படிவத்தில் உள்ளதை உள்ளபடி நிரப்பினேன். அடுப்பு எரிகிறதா: இல்லை. கடை: மூடியிருக்கிறது. சீருடை: இல்லை. ஏன் என்று படிவம் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் தொண்ணூற்று நான்கு முப்பத்தொன்றாக இறங்கியது. அலுவலகத் திரையில் மதகு பதினேழு அணைந்தது. இருபத்திரண்டு எரிந்தது.

இருபத்திரண்டு என்றால் தொட்டிக்குப்பம். எங்களுக்கு அடுத்த மீள்திறன் அவர்களுக்குத்தான், தொண்ணூற்றொன்று.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா கால் ஆறும் என்று தோன்றியது. பேசாமல் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்றும் தோன்றியது. ஏழு வயதில் எங்கள் பக்கம் மதகைத் திறக்க வைத்த அந்த ஆளும் போனை வைத்துவிட்டு இப்படித்தான் நிம்மதியாக இருந்திருப்பான்.

பிலோமினா அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுடைய பேட்டரி குப்பை வண்டியில் இருவரும் தொட்டிக்குப்பம் போனோம்.

தொட்டிக்குப்பம் பளிச்சென்று இருந்தது. வாசலில் கோலம், பஜ்ஜிக் கடையில் கூட்டம். செவ்வாய்க்கிழமை அங்கேயும் தண்ணீர் நின்றது என்று சொன்னால் நம்ப முடியாது. அக்காவுக்கு அங்கே கஸ்தூரி என்று ஒரு சிநேகிதி, அதே துப்புரவு வேலை. கூட்டம் சேர்ந்ததும் நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே பஜ்ஜிக் கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"இரும்மா. உங்க தண்ணிய எங்க மேல தள்ளி வுட்டுட்டு இப்ப நியாயம் பேச வந்தியா?"

"ஆமாண்ணா. நான்தான் தள்ளினேன். தெரியாம தள்ளினேன். தெரிஞ்சதும் வந்திருக்கேன்."

"நாங்க இறங்குனா அடுத்து எவன் தலைல வுயும்?"

அது சரியான கேள்வி. பட்டியலைக் காட்டினேன். எங்களையும் சேர்த்து, தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருந்தவை ஏழு குடியிருப்புகள். எல்லாம் கால்வாய்க்கரை, ஆற்றங்கரை, குப்பைமேட்டோரம். இந்த ஏரித் தண்ணீரைத் திருப்பி விடக்கூடிய இடம் மொத்தம் எட்டுதான்; ஏழும் இறங்கினால் மிச்சம் இருப்பது மதகு ஒன்பது. அது ஸ்வர்ணஹரிதா என்கிற வில்லா நகரத்தின் கோல்ஃப் புல்வெளிக்குப் போகும். அறுபது ஏக்கர். பள்ளமான இடம். ஒரு காலத்தில் ஏரியின் உபரித் தண்ணீர் நின்ற நிலம். அங்கே வீடு கிடையாது, ஆள் கிடையாது, வெறும் புல்.

"அப்ப மொதல்லயே அங்க வுட வேண்டியதுதானே?" என்றாள் கஸ்தூரி.

"அந்தப் புல்லு பழையபடி ஆகறதுக்கு நாநூறு நாள் ஆகும்னு எழுதியிருக்கு. பசுமைச் சொத்து, காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு தனி மார்க்கு வேற."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை.

கஸ்தூரி தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டாள். "கழுவுன வூட்ட மறுபடி சேறாக்க மாட்டேன், அத்த மட்டும் கேக்காத. அடுப்பு வேணா அணைக்கிறேன். ஒரு நாள் சமைக்காம இருக்கறதுக்கு இந்த மிசினே வழி பண்ணுது, வுடுவனா?"

அடுப்பு அணைந்தாலே போதும் என்றேன். எழுந்த இடம் மறுபடி விழுந்தால் எண் இன்னும் வேகமாக இறங்கும்.

பஜ்ஜிக் கடைக்காரர் என்னை முறைத்தபடியே நின்றார். பிறகு எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மீதி ஐந்து இடங்களுக்கு நாங்கள் போகவில்லை. பிலோமினா அக்கா குப்பை வண்டியில் உட்கார்ந்தபடியே துப்புரவுப் பணியாளர்கள் குழுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். ஏழு குடியிருப்பிலும் அந்தக் குழுவில் ஆள் உண்டு. வேறு எங்கே இருப்பார்கள்? ஊரைக் கழுவுகிறவர்கள் வேறு எங்கே குடியிருக்கிறார்கள்? மெசேஜ் சின்னது. "நாளைக்குக் காலைல ஆறு மணி வரிக்கும் அடுப்பு மூட்டாதீங்க, கடை தொறக்காதீங்க, கொடில துணி போடாதீங்க. ஏன்னு கேக்கறவங்க லாரன்சு பொண்டாட்டிக்குப் போன் பண்ணுங்க. நான் சொல்றேன்." சாயங்காலம் முழுக்க அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள், சலிக்காமல், பதினோரு நாளையும் சேர்த்து.

சனிக்கிழமை ஆறு மணிக்குத் திட்டம் பூட்டிக்கொண்டது. மதகு ஒன்பது.

ஏழு மணிக்கு நிவேதன் சார் கூப்பிட்டார். ஏழு இடமும் ஒரே நாளில் எப்படி விழுந்தன என்று கேட்டார். என் படிவத்தில் பொய் ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றேன். இல்லை என்று அவருக்கும் தெரியும். இது நியாயமில்லை புனிதவதி, நீங்கள் கருவியை ஏமாற்றுகிறீர்கள் என்றார். கருவி எங்களை ஏமாற்றவில்லையா என்று கேட்டேன். அது யாரையும் ஏமாற்றாது, அதற்குத் தெரியாது என்றார்.

"எங்களுக்குத் தெரியும் சார்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பத்து மணிக்கு ஏரி நிரம்பியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற மாதிரி. கால்வாய்த் தண்ணீர் கரையின் கடைசிக் கல் வரைக்கும் வந்தது. அந்தக் கல்லில் நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. பிறகு கல் மறுபடி தெரிந்தது.

அம்மா கையை விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடியே கடப்பாரையை எடுத்து வந்து காய்ந்த சேற்றைக் குத்த ஆரம்பித்தாள். நானும் ஒரு கடப்பாரை எடுத்தேன். முடிக்க ஒன்பது நாள் ஆனது.

*

திங்கட்கிழமை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விருது விழா தள்ளி வைக்கப்பட்டது. வியாழக்கிழமை நீர்மதியே எனக்கு ஒரு வேலையும் ஒதுக்கியது. களப் பணிக்கு ஆள் போடுவதும் அதுதான். துல்லியமாக எழுதுகிறவர்களில் நான் முதலிடமாம், அதனால் என்னைத் தேர்ந்தெடுத்ததாம். இடம்: ஸ்வர்ணஹரிதா, புல்வெளி.

முதல் முறை மூழ்கிய இடத்தைக் களத்தில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதுவரைக்கும் அந்த நகரத்துக்குள் எங்கள் மையத்து ஆள் யாரும் போனதில்லை. தனியார் இடம், ட்ரோன் பறக்கத் தடை. அப்படியானால் அந்த நானூறு நாளை யார் அளந்தது என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். யாரும் அளக்கவில்லை. அவர்களே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்புச் சூட்டை வானத்திலிருந்து அளந்த எந்திரம், அவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பியிருக்கிறது.

வாசலில் மேனேஜர் காத்திருந்தார். கௌதம் என்று பெயர், மரியாதையான மனிதர், காபி வரவழைத்தார். புல்வெளிக்குப் போனோம். தண்ணீர் வந்து நாலு நாள், முழுக்க வடிந்திருந்தது. ஏரி வண்டல் குடித்த புல் பச்சைப் பசேலென்று நின்றது. இருபது முப்பது கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு தம்பதி நாயோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

பசுமையை அளக்கிற நிறமானியைப் புல்லில் வைத்து அளந்தேன். பத்து இடத்தில் வைத்தேன், சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று. படம் எடுத்தேன். படிவத்தில் மீள எடுத்த நாள் என்ற இடத்தில் நான்கு என்று போட்டேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மேடம், புல்லுதானே. நாநூறுன்னே இருந்துட்டுப் போகட்டுமே."

"நாலு நாள்தானே சார் ஆச்சு?"

"இப்படி எழுதிட்டீங்கன்னா ஒவ்வொரு மழைக்கும் அது எங்க பக்கமே திருப்பி விடும். நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணல சார்," என்றேன். "உங்க புல்லு சீக்கிரம் எழுந்துக்குது."

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.